மெட்டல் பாட்டில் விடுபட்ட காந்தாரம்: நகலெடுக்காமல் கவர் செய்வதற்கு ஓர் அறிமுகம்

பெங்களூரில் வாழும் தமிழருக்குப் பாட்டுக் கேட்பதில் இரண்டு வேறுபட்ட பழக்கங்கள் ஒருசேர வாய்த்திருக்கின்றன. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ திருவிழாவுக்கு மெல்லிசைக் குழு மேடையேறினால், பாடகரின் குரல் படத்தில் கேட்ட குரலைப் போலவே இருக்கிறதா, இடையிசையில் புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் வந்துவிட்டதா என்பதில்தான் கூட்டத்தின் காது இருக்கும். அச்சு அசலாக அமைந்துவிட்டால் விசில் பறக்கும். அதே ஊரில், சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்து ராமநவமிக் கச்சேரிகளில், போன வருடம் ஒருவர் பாடிய கீர்த்தனையை இந்த வருடம் இன்னொருவர் அதே நிரவலோடும் அதே கற்பனைச் சுரங்களோடும் பாடினால் யாரும் மெச்ச மாட்டார்கள். சொந்தச் சரக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார்கள். கனத்த மின்கிதார் ஒலியில் அமைந்த ராக் வகையான மெட்டல் பாடல்களை வாசிக்கத் தொடங்கும் நம் இளைஞர்களில் பெரும்பாலோர் முதல் பழக்கத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது பழக்கத்தை மெட்டலுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே இங்கே பேசப்போகும் விஷயம்.

நகல்மீது இவ்வளவு பற்று ஏற்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மெட்டல் குழுக்களில் 2007 மார்ச்சில் ஐயர்ன் மெய்டனும், 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகாவும் அரண்மனை மைதானத்தில் வாசித்த ஊர் இது. அசலை நேரில் கேட்ட காதுகள் நகலில் குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரக் காதுகளாக இருப்பதில் வியப்பில்லை. கல்லூரி விழாப் போட்டிகளிலும் சோலோவை, அதாவது கிதாரின் தனி வாசிப்பை, ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பவருக்கே மவுசு அதிகம். அப்படி வாசிப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. விரல் பழகுவதற்கும் வேகம் வருவதற்கும் நகலெடுப்பதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் பாடம் முடிந்த பிறகும் அதையே மேடையில் ஒப்பித்துக்கொண்டிருந்தால், கேட்பவர் வீட்டிலிருந்தே அசலைக் கேட்டுக்கொள்ளலாமே என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

இன்னொருவர் இயற்றி வெளியிட்ட பாட்டை நாம் வாசித்தால் அது கவர். அதில் பாட்டின் மெட்டும் சொல்லும் பெரும்பாலும் அப்படியே நிற்க, வேகம், சுருதி, தாள நடை, வாத்தியங்கள், கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் சுரங்கள்), குரல் பாங்கு, பகுதிகளின் வரிசை ஆகியவற்றில் சிலவற்றை நாம் காரணத்தோடு மாற்றினால் அது மறு ஆக்கம். 'காரணத்தோடு' என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கிதாருக்குப் பதில் வீணையை வைத்து அதே ரிஃபை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியை) அதே வேகத்தில் வாசிப்பது புதிதாகக் காணப்படுமே தவிர, பாட்டைப் பற்றி வாசிப்பவர் எதையும் யோசித்ததாகத் தெரியாது. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிய வேண்டுமானால் மெட்டல் பாட்டு எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மெட்டலின் அடிப்படை பவர் கார்ட். சாதாரண கார்டில் மூன்று சுரங்கள் இருக்கும்: ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம். பவர் கார்டில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே உண்டு, காந்தாரம் கிடையாது. இது யாரோ அழகுக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வழியாகச் செலுத்தும்போது, சேர்ந்து ஒலிக்கும் இரண்டு சுரங்களின் அதிர்வெண் வித்தியாசமும் தனியொரு சுரமாக வெளியே வருகிறது. கிதாரின் ஐந்தாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமம் ஏறக்குறைய 165 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 55, அதாவது 110இல் சரிபாதி, அதே ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயி. ஆகவே இரண்டு சுரங்களை வாசித்தால் மூன்றாவதாக ஒரு மந்திர ஷட்ஜம் இலவசமாகக் கிடைத்து ஒலி கனக்கிறது. அதே ஷட்ஜத்தோடு அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் கிதாரில் அது சுமார் 138.6 ஹெர்ட்ஸ், வித்தியாசம் 28.6. ஷட்ஜத்தின் கீழே இரண்டாவது ஸ்தாயி 27.5 என்பதால், கிட்டத்தட்ட ஒத்துப்போயும் சரியாக ஒத்துப்போகாமலும் இரண்டும் உரசி ஒலி குழம்புகிறது. அந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்கே மெட்டல் கிதார்க்காரர்கள் காந்தாரத்தைக் கைவிட்டார்கள்.

மறு ஆக்கம் செய்ய விரும்புபவருக்கு இதைவிடப் பெரிய வாசல் வேறில்லை என்பது என் கருத்து. காந்தாரம்தான் ஒரு கார்டு மேஜரா மைனரா, அதாவது சங்கராபரணத்தின் பக்கமா நடபைரவியின் பக்கமா என்பதைத் தீர்மானிக்கிறது. மெட்டல் அந்த முடிவைப் பல இடங்களில் எடுக்காமலே விட்டுவைத்திருக்கிறது. டிஸ்டார்ஷனை எடுத்துவிட்டு ஒரு பியானோவிலோ சாதாரண கிதாரிலோ அதே பாட்டை வாசிக்க உட்கார்ந்தால், விடுபட்ட சுரத்தை நாமே இட்டு நிரப்ப வேண்டியிருக்கும். எந்தக் காந்தாரத்தை இடுகிறோம் என்பதில் பாட்டின் முகமே மாறிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். பிளாக் சப்பாத் குழு 1970இல் வெளியிட்ட 'ஐயர்ன் மேன்' பாட்டின் ரிஃப் உலகத்தில் கிதார் பிடித்த எவருக்கும் தெரிந்தது. அதன் ஆதார சுருதியை ஷட்ஜமாகக் கொண்டு எழுதினால் 'ச க க ம ம, தபதபதப க க ம ம' என்று வரும். காந்தாரம் 'சாதாரண காந்தாரம்' என்ற வகை, மத்தியமமும் தைவதமும் சுத்தம். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்த மெட்டின் ஒவ்வொரு சுரமும் ஒரு பவர் கார்டாக வாசிக்கப்படுகிறது. ஆகவே மத்தியமத்தின்மேல் வரும் கார்டு மேஜரா மைனரா என்று அசல் சொல்வதில்லை. இரண்டாவது, மெட்டில் ரிஷபமும் நிஷாதமும் இல்லவே இல்லை. சுத்த ரிஷபத்தையும் கைசிகி நிஷாதத்தையும் சேர்த்தால் தோடியின் சாயல் விழும். சதுஸ்ருதி ரிஷபத்தையும் கைசிகி நிஷாதத்தையும் சேர்த்தால் நடபைரவி. அதே ரிஷபத்தோடு காகலி நிஷாதத்தைச் சேர்த்தால் கீரவாணி. அசலில் ஒரு சுரத்தைக்கூட மாற்றாமல் மூன்று வேறு பாட்டுகளை இதிலிருந்து உண்டாக்க முடியும்.

அந்தப் பாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் பாடும் மெட்டு கிதாரின் ரிஃபையே அடியொற்றிச் செல்கிறது. ஆகவே கிதாரை முழுவதும் எடுத்துவிட்டாலும் குரல் மட்டுமே ரிஃபைச் சுமந்துகொண்டு போகும். பாட்டு இன்னதென்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஸ்வீடனின் பாப் குழுவான கார்டிகன்ஸ் 1996இல் இதே பாட்டை மென்மையான பெண்குரலில், ஆரவாரம் இல்லாமல் பாடி வெளியிட்டது. அசலில் பூதம்போல வந்து நிற்கும் பாட்டு அங்கே அலட்டிக்கொள்ளாமல் பேசுகிறது, அதனாலேயே எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பயமூட்டுகிறது. பாட்டை அடையாளம் காட்டும் எலும்பு எது என்று கண்டுபிடித்துவிட்டால் சதையைத் துணிந்து மாற்றலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

அந்த எலும்பு எல்லாப் பாட்டிலும் ரிஃபாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஐயர்ன் மெய்டனின் பல பாடல்களில் அது தாள நடை. குதிரை ஓட்டம் என்று சொல்லப்படும் அந்த நடையைச் சொல்கட்டாகச் சொன்னால் 'தா கிட தா கிட' என்பது. ஒரு நீண்ட எழுத்து, இரண்டு குறுகிய எழுத்துகள். அதை வேகத்தில் பாதியாக்கினால் ஓட்டம் நடையாகிவிடும், ஆனால் நீளம் குறுமைகளின் விகிதம் மாறாதவரை கேட்பவரின் கால் அதை அடையாளம் கண்டுகொள்ளும். மாறாக, வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு விகிதத்தைக் கலைத்தால் பாட்டு கைநழுவிப் போகும். வாயால் உறுமிப் பாடப்படும் பாடல்களில் குரலுக்கு மெட்டே இருக்காது. அங்கே சொற்களுக்கு நாமே ஒரு மெட்டு அமைத்தாக வேண்டும், அதற்கான சுரங்களை ரிஃபிலிருந்து எடுத்துக்கொள்வது பாதுகாப்பான வழி. ஸ்லேயர் குழு 1986இல் அசுர வேகத்தில் வாசித்த 'ரெய்னிங் பிளட்' பாட்டை, பாடகி டோரி ஏமோஸ் 2001இல் பியானோவோடு ஆறு நிமிடங்களுக்குமேல் இழுத்து, மெதுவாகப் பாடினார். ஆண்கள் எழுதிய பாடல்களை ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து பாடிப் பார்ப்பதற்காகவே அவர் வெளியிட்ட தொகுப்பில் அது இடம்பெற்றது. ரத்தம் என்ற சொல் இரண்டு பாட்டிலும் ஒரே சொல்தான். யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் அதன் பொருள் வேறாகிவிடுகிறது.

பொருளை மாற்றுவதற்குச் சொல்லை மாற்றவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி சார்ல்ஸ் பிராட்லி. பிளாக் சப்பாத் 1972இல் வெளியிட்ட 'சேஞ்சஸ்' ஒரு மணமுறிவின் துயரத்திலிருந்து பிறந்த பாட்டு. அந்தக் குழுவின் வழக்கத்துக்கு மாறாக அதில் கிதார்க்காரர் டோனி ஐயோமி பியானோ வாசித்திருப்பார். அமெரிக்க சோல் பாடகரான பிராட்லி தம் முதுமையில் அதை எடுத்துப் பாடியபோது, தம் தாயை நினைத்துப் பாடினார். பிரிந்துபோனவள் மனைவி என்றிருந்த இடத்தில் தாய் வந்து உட்கார்ந்ததும், இளைஞனின் புலம்பலாக இருந்தது ஒப்பாரியாகிவிட்டது. இசையில் அவர் செய்த மாற்றங்கள், அதாவது பித்தளைக் குழல் வாத்தியங்கள், உடைந்து உடைந்து வரும் குரல், தள்ளித் தள்ளி விழும் தாளம், எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவைபோல ஒலிக்கின்றன. முதலில் பாட்டு யாரைப் பற்றியது என்று தீர்மானித்துவிட்டால் மற்றவை தாமாக வரும்.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது பின்லாந்தின் அபோகலிப்டிகா. ஹெல்சின்கியின் சிபெலியஸ் அகாடமி மாணவர்கள் 1993இல் தொடங்கிய இந்தச் செல்லோ குழு, 1996இல் மெட்டாலிகாவின் பாடல்களை நான்கு செல்லோக்களில் வாசித்து முதல் தொகுப்பை வெளியிட்டது. உண்மையைச் சொன்னால், அமைப்பைப் பொறுத்தவரை அதில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வேகமும் பகுதிகளும் பெரும்பாலும் அசலைப் பின்பற்றியவை. ஆனாலும் அது வெறும் நகலாக ஒலிக்காததற்குக் காரணம், வில்லை அழுத்தி இழுக்கும்போது செல்லோவிலிருந்து வரும் கரகரப்பு, டிஸ்டார்ஷனின் வேலையைத் தன் வழியில் செய்துவிடுவதுதான். வாத்தியத்தை மட்டும் மாற்ற நினைப்பவர், புதிய வாத்தியத்திடம் பழைய வாத்தியத்தின் வேலைக்கு ஈடாக என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே நம் ஊருக்கு வருவோம். கர்நாடக இசை பயின்ற ஒருவரும் மெட்டல் கேட்டு வளர்ந்த ஒருவரும் ஒரே வீட்டில் இருப்பது பெங்களூர்த் தமிழர்களிடையே அபூர்வமல்ல. சில சமயம் இருவரும் ஒரே ஆளாகவும் இருப்பார்கள். ஆகவே ஒத்திகைக்கு மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாம் பேடுக்குள் வயலினும் மிருதங்கமும் நுழைவதும் புதிதல்ல. லிங்கராஜபுரத்தில் அப்படியொரு அறையில், மேலே சொன்ன 'ஐயர்ன் மேன்' மெட்டைத் தோடியின் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழுவில், கிதார் வாசிக்கும் பையனுக்கும் வயலின் வாசிக்கும் மூத்த பெண்மணிக்கும் நடந்த உரையாடல் இந்த விஷயத்தின் நடுநரம்பைத் தொட்டது.

"அக்கா, டிஸ்டார்ஷன் இல்லாம வாசிச்சா வெறிச்சுன்னு இருக்கு. நான் முழு கார்டா பிடிச்சுக்கவா?"

"வேண்டாம்பா. நீ ச-ப மட்டும் விடு. காந்தாரத்தை நான் அசைக்கப் போறேன். நீ அதை நேரா பிடிச்சு நிறுத்தினா ரெண்டும் அடிச்சுக்கும்."

அவர் சொன்னதில் முழு இயற்பியலும் அடங்கியிருக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரம் அல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பது. கிதாரின் காந்தாரமோ அதன் கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பியில் அறையப்பட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலித்தால், கமகம் எனப்படும் அந்த அசைவு தவறு போலவும் கார்டு சுருதி பேதம் போலவும் கேட்கும். சினிமா மெல்லிசையின் முழுக் கார்டுகளோடு கர்நாடக வயலின் சேரும்போது கமகம் தட்டையாகிவிடுவதற்கு இதுவே காரணம். மெட்டலின் பவர் கார்டிலோ ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே ஒலிக்கின்றன. நம் தம்புராவில் ஒலிப்பவையும் அவையே. எவ்வளவு அசைத்தாலும் இடித்துக்கொள்ள அங்கே காந்தாரம் இல்லை. உரத்த ஒலியைச் சாந்தமாக்கினால்தான் கர்நாடக இசைக்கு இடம் கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மற்ற மேற்கத்திய பாணிகளைவிட மெட்டலின் மொட்டைக் கார்டே ராகத்துக்கு அதிக இடம் விடுகிறது.

இதே வாய்ப்பு ஓர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. அசலை அப்படியே வாசித்துவிட்டு, சோலோ வரும் இடத்தில் மட்டும் எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கற்பனைச் சுரத்தைச் செருகி, தனியாவர்த்தனம் போல ஒரு மோராவோடு (மும்முறை வரும் முடிப்போடு) முடிப்பது இப்போது பரவலாகிவிட்ட முறை. கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்த எட்டு ஆவர்த்தனத்தைப் பிடுங்கிவிட்டால் மீதியிருப்பது பழைய நகல்தான். இலையோரத்து ஊறுகாயை மாற்றிவிட்டு சாப்பாடே புதிது என்று சொல்வதுபோல. ராகம் பாட்டின் முதல் அடியிலேயே வேலை செய்ய வேண்டும், அல்லது வரவே கூடாது.

மெட்டலிலிருந்து வெளியே போகும் பாதையைப் போலவே மெட்டலுக்குள் வரும் பாதையும் கற்கத் தக்கது. டிஸ்டர்ப்ட் குழு 2015இல் பாடிய 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' 1960களின் நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. அந்த மெட்டல் குழு அதைக் கனத்த கிதாரே இல்லாமல், பியானோவில் தொடங்கிக் குரலைப் படிப்படியாக உயர்த்திப் பாடியது. மெட்டல் அங்கே குரலில் மட்டும் மிச்சமிருக்கிறது, அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. டெல்லியின் பிளடிவுட் குழு பாப் பாடல்களை மெட்டலாக்கிக் கேலியாகத் தொடங்கி, அந்தப் பயிற்சியிலேயே டோலக்குக்கும் டோலுக்கும் மெட்டலில் எந்த இடம் என்று கண்டுகொண்டு, 2022இல் 'ரக்ஷக்' என்ற சொந்தப் பாடல் தொகுப்புக்கு வந்து சேர்ந்தது.

ஒரே பாட்டை எத்தனை விதமாக அணுகலாம் என்று காதால் அறிய, மெட்டாலிகாவின் 1991 தொகுப்பிலுள்ள பாடல்களை வேறு கலைஞர்கள் பாடி 2021இல் வெளியான 'தி மெட்டாலிகா பிளாக்லிஸ்ட்' கைகொடுக்கும். மொத்தம் 53 கவர்கள். 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' மட்டும் 12 முறை வருகிறது, அவற்றில் ஒன்று செவ்வியல் பியானோ கலைஞர் இகோர் லெவிட் வாசித்தது. 'தி அன்ஃபர்கிவன்' பாட்டை விஷால் தத்லானி, டிவைன், ஷோர் போலீஸ் ஆகியோர் நம் நாட்டிலிருந்து செய்திருக்கிறார்கள். 12 கவர்களையும் தொடர்ந்து கேட்கும்போது எல்லாரும் விடாமல் வைத்துக்கொண்டது எது என்று குறித்துக்கொண்டால், அந்தப் பாட்டின் எலும்பு எதுவென்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

அசலின் ஒவ்வொரு அம்சத்தையும் புனிதமாகக் கருதவேண்டியதில்லை. டோனி ஐயோமி 17 வயதில் பர்மிங்காமின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பின் சில பாடல்களில் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தி வாசித்தார். தளர்ந்த தந்தி அவர் விரலுக்கு எளிதாகவும் இருந்தது, ஒலியும் கனத்தது. அதற்குப் பின் வந்தவர்கள் அந்தத் தாழ்ந்த சுருதியை மெட்டலின் இலக்கணமாகவே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பாடகியின் குரலுக்கு ஐந்து கட்டைதான் ஒத்துவரும் என்றால் சுருதியை ஏற்றிக்கொள்ளுங்கள், பாட்டு கோபித்துக்கொள்ளாது.

மேடையைத் தாண்டி ஒலிப்பதிவு வரை போக நினைப்பவர் சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும், ஏனெனில் இந்தியச் சட்டம் நகலுக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு மறு ஆக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவின்படி, அசல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கழிந்த பிறகு, முன்னறிவிப்புக் கொடுத்து, உரிமைத்தொகையை முன்கூட்டியே செலுத்தி கவர் வெளியிடலாம். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகையைக் கட்ட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் தொழில்நுட்பத் தேவைக்காக அன்றி, உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் சொல்லிலோ இசையிலோ புதிய மாற்றம் எதையும் செய்யக்கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் இதில் சற்றுத் தாராளம்: மெட்டின் அடிப்படையையும் படைப்பின் தன்மையையும் கெடுக்காதவரை, பாடுபவரின் பாணிக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆகவே தோடியில் திருப்பிய 'ஐயர்ன் மேன்' போன்ற ஒன்றை நாம் விற்பனைக்கு வெளியிட வேண்டுமானால், உரிமையாளரிடம் நேரடியாக எழுத்து மூலம் அனுமதி பெறுவதே வழி. பாட்டைத் தமிழில் பெயர்த்துப் பாடுவதற்கும் தனி அனுமதி தேவை. மொழிபெயர்ப்புரிமை பாடலாசிரியர் பக்கத்துக்கு உரியது.

முதல் முயற்சிக்கு நடுத்தர வேகத்தில், மெட்டுள்ள குரலோடு, இரண்டு மூன்று ரிஃப்களுக்குள் முடிந்துவிடும் பாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 'ஐயர்ன் மேன்' முதல் இரண்டு வகையில் பொருந்தும். பின்பாதியில் வேகம் கூடும் பகுதியை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடலாம். டிரம்ஸையும் டிஸ்டார்ஷனையும் ஒதுக்கிவிட்டு, தம்புரா செயலியை ஓடவிட்டு மெட்டை வாயால் பாடிப் பாருங்கள். எந்த இடத்தில் குரல் தானாக ஒரு ரிஷபத்தையோ நிஷாதத்தையோ தேடுகிறதோ, அங்கே பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன் பிறகு கிதாரை எடுங்கள்.